ஹாலேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. பெர்லினுக்கு ஐந்து நாள். வைமார், டெஸ்ஸாவ், லைப்சிக்குக்கு இரண்டிரண்டு நாள். எழுத்துரு வரைகிற பையன் ஹாலேயை எப்படி விட்டாய்? லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான்.

டெஸ்ஸாவுக்குப் போ, வேண்டாம் என்று சொல்லமாட்டேன். 1926இல் திறந்த பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளிக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரை எல்லோரும் வெளியே நின்று படம் எடுப்பார்கள். நீ உள்ளே போய் ஜன்னல் திறக்கும் சக்கரத்தைப் பார். ஒன்றைச் சுற்றினால் ஒரு வரிசையே சேர்ந்து திறக்கும். அத்தனை கண்ணாடிக்குள் கோடையில் உட்கார்ந்தவர்கள் வெந்துபோனார்கள் என்பதும் அதே கட்டடத்தின் கதைதான்.

அந்தப் பள்ளியின் ஹெர்பர்ட் பாயர், பெரிய எழுத்தே வேண்டாம், சின்ன எழுத்து போதும் என்று 1925இல் கிளம்பினார். பெயர்ச்சொல் ஒவ்வொன்றையும் பெரிய எழுத்தில் தொடங்கும் மொழியில் அது வீட்டுக்குள் நடந்த கலகம். நமக்கு அந்த வேறுபாடே கிடையாது. பாயரைப் பார்த்துத் தமிழையும் வட்டமும் கோடுமாக நறுக்கினால் நீ யாரோடு சண்டை போடுகிறாய் என்று எனக்குப் புரியாது.

தெருவில் நிற்கும் கார்களின் நம்பர் பிளேட்டை உற்றுப் பார். 'பி'க்கு ஒரு கால் வரைந்து 'ஆர்' ஆக்கக் கூடாது, 'எஃப்'க்கு ஒரு கோடு போட்டு 'இ' ஆக்கக் கூடாது. திருடனை மனத்தில் வைத்தே வரைந்த எழுத்து அது. அழகு கம்மி, ஆனாலும் ஜெர்மனியில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நீ போன மாதம் அனுப்பிய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எட்டு பாயிண்டில் ஒன்றாகத் தெரிகின்றன. ரகரமும் துணைக்காலும் அப்படியே.

லைப்சிக்கில் ஓர் அச்சுப் பட்டறையில் என்னை ஒரு வரி கோர்க்கச் சொன்னார்கள். கோர்த்துக் கொடுத்தேன். அங்கிருந்த முதியவர் வரியைப் படிக்கவே இல்லை. ஈய எழுத்து ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு சிறு பள்ளம் உண்டு. பள்ளங்களின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். பள்ளம் இல்லாத இடத்தில் விரல் நின்றது. நான் ஒரு 'என்'னைத் தலைகீழாக வைத்திருந்தேன், அது 'யு' ஆகிவிட்டிருந்தது. சிரித்துக்கொண்டே பிடுங்கித் திருப்பி வைத்தார்.

சரி, ஹாலே. தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் அச்சடித்த பாதிரியார் சீகன்பால்கு படித்த ஊர். 1698இல் தொடங்கிய பிராங்கே அறநிலையம் இன்றும் இருக்கிறது. அவர்களிடம் தமிழ் ஓலைச்சுவடிகள் உள்ளன. தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை அந்த ஊரில்தான் வார்த்துக் கப்பலேற்றினார்கள். 1713இல் தரங்கம்பாடியில் தமிழ் அச்சு ஓடியது. ஆனால் எழுத்து பெரிது. புதிய ஏற்பாடு முழுவதையும் அதில் அடித்தால் தாள் தாங்காது. தரங்கம்பாடியிலேயே சிறிதாக வேறு எழுத்து வார்க்க வேண்டியதாயிற்று. 1715இல் நூல் முழுமையாக வந்தது. ஹாலேயில் வார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழே காதில் விழாத ஊரில், தாள் விலை தெரியாமல் செய்த வேலை. நீயும் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதானே வரைகிறாய்?

அறநிலையத்தின் காப்பகத்துக்கு முன்கூட்டியே கடிதம் போட்டுவிடு. தரங்கம்பாடி அச்சுகளைக் காட்டினால், பெரிய எழுத்தில் பக்கத்துக்கு எத்தனை வரி, சிறியதில் எத்தனை வரி என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்