அடுப்பை மூட்டு, மகள்

தெல்தோட்டை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அம்மா சொன்னாள். வேலைக்குப் போகிறாய், வருகிறாய், ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயாம். போனில் இதைப் பேசத் தொடங்கினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

ஊசி போடச் சம்மதித்து நம் நாய் ஜிம்மியைக் கொன்றுவிட்டேன், கொன்றுவிட்டேன் என்று நீ திரும்பத் திரும்பச் சொல்கிறாயாம். உன் அப்பாயி வேறு, உயிரைக் கொடுக்காத நமக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று கேட்டுவிட்டார். அவரைக் கோபிக்காதே. விசர்நாய்க்கடியைத் தடுக்க 1893இல் போட்ட சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தெருநாய்களைப் பிடித்துக் கொன்ற காலத்தைப் பார்த்தவர் அவர். 2006இல்தான் அரசாங்கம் அப்படிக் கொல்வதை நிறுத்தியது. நாய்க்கு ஊசி என்று நீ சொன்னதும் அவர் கண்முன் வந்தது அந்த நாய் பிடிக்கிற வண்டியும் சுருக்குக் கம்பியுமாக இருக்கும். பேராதனை மிருக வைத்தியசாலையில், உன் மடியில் தலை வைத்துக்கொண்டு ஜிம்மி போனதை அவர் பார்க்கவில்லை. நீதான் பார்த்தாய்.

அப்பாயி கேட்ட அதே கேள்வியைக் காந்தியிடமும் ஒருவர் கேட்டார். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி உடம்பு ஊனப்பட்டுக் கிடந்தது. செய்யக்கூடிய வைத்தியம் எல்லாம் செய்தார்கள். இனி நம்பிக்கை இல்லை என்று வைத்தியர் கைவிரித்துவிட்டார். வேதனையில் அதனால் பக்கம் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. காந்தி ஆசிரமத்து நிர்வாகக் குழுவோடு பேசினார், அயலவர்களோடும் பேசினார். அவர்களில் ஒருவர்தான், நம்மால் உண்டாக்க முடியாத உயிரை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று கடுமையாக எதிர்த்தார். தன் லாபத்துக்காக ஓர் உயிரை எடுத்தால் அந்தப் பேச்சு பொருந்தும், இங்கே பொருந்தாது என்பது காந்தியின் எண்ணம். ஒரு வைத்தியரை அழைத்து, தன் கண்முன்னாலேயே ஊசி போடவைத்தார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. பிறகு அதைத் தன்னுடைய பத்திரிகையில் தானே எழுதினார். அகிம்சை பேசுகிற மனிதர் கன்றைக் கொல்வதா என்று கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன.

காந்தி சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும். ஆனால் இந்த விஷயத்தில், வேண்டியவர்களை எல்லாம் கேட்டுவிட்டு, முடிவைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றாரே, அது பெரிய காரியம். அவருக்கு யோசனை கேட்க ஓர் ஆசிரமமே இருந்தது. நீ ஆஸ்பத்திரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாய்.

உன்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்வது எது என்று அம்மாவிடம் தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஊசி போட்ட பிறகும் ஜிம்மி கண்ணைத் திறந்தபடியே இருந்தான், ஒருமுறை வாயைத் திறந்து மூச்சை இழுத்தான், காலும் துடித்தது, அவனுக்கு வலித்திருக்கும் என்று சொன்னாயாம். ஊரில் எனக்குத் தெரிந்த மிருக வைத்தியரிடம் இதைக் கேட்டேன். இதற்குப் பெரும்பாலும் கொடுப்பது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற வகையைச் சேர்ந்த மருந்து, அளவுதான் மிக அதிகம் என்றார். முதலில் மூளை மயங்குகிறது. பிறகு மூச்சு நிற்கிறது, அதற்குப் பிறகு இதயம். கடைசியில் ஓர் இழுப்பு வருவதும், தசை துடிப்பதும், சிறுநீர் போவதும் உணர்வு போன பின்னால் உடம்பு தானாகச் செய்வது. கண் மூடுவதில்லை, அதுவும் வழக்கம்தான். நீ பார்த்த நேரத்தில் அந்த உடம்புக்குள் வலிப்பதற்கு ஜிம்மி இல்லை, மகள். இதை அங்கேயே யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் உனக்கு இத்தனை இரவு வீணாகியிருக்காது.

இன்னொன்றையும் கேட்டேன். முன்னமே கவனித்திருந்தால் பிழைத்திருப்பானோ என்று. ஜிம்மிக்குக் கெட்டது சிறுநீரகம். நாயின் சிறுநீரகம் நாலில் மூன்று பங்கு கெட்ட பிறகுதான் இரத்தப் பரிசோதனையில்கூடச் சாதாரணமாகத் தெரியவருமாம். அதுவரை அது ஓடும், குரைக்கும், பூனையைத் துரத்தும். தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், அவ்வளவுதான். வெயில் காலத்தில் நாய் தண்ணீர் குடித்தால் யார் சந்தேகப்படுவார்? கடைசி வாரம் உன் கையால் கொடுத்த மீன்சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டானே, அதுவும் உன் மேல் வெறுப்பு இல்லை. கழிவு இரத்தத்தில் ஏறியதால் வந்த குமட்டல். வாயெல்லாம் புண். சோற்றைத் தள்ளிவிட்டு உன் காலடியில்தானே வந்து படுத்தான்.

குழியை ஏன் இவ்வளவு ஆழமாக வெட்டச் சொல்கிறீர்கள் என்று அன்றைக்கு என்னைக் கேட்டாய். அழுதுகொண்டிருந்தவளிடம் அப்போது விளக்க மனம் வரவில்லை. அந்த மருந்து உடம்பில் நீண்ட நாள் தங்கியிருக்கும். நம் பக்கம் காட்டுப்பன்றி மண்ணைக் கிளறுவது உனக்குத் தெரியாததல்ல. மேலாகப் புதைத்தால் பன்றியோ வேறொரு நாயோ தோண்டித் தின்று சாகும். அதற்காகத்தான் ஆழக் குழி, மேலே அந்தக் கல்.

தம்பியிடம் ஜிம்மியைத் தூங்க வைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறீர்களாம். இதை உடனே திருத்து. ஆறு வயதுப் பிள்ளை. தூங்கினால் எழும்ப மாட்டோமோ என்று பயப்படும். நாளைக்கு அவனுக்குக் காய்ச்சல் வந்து டாக்டர் ஊசியை எடுத்தால் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவான். ஜிம்மிக்குக் குணமாக்க முடியாத வருத்தம், வலி தாங்க முடியவில்லை, வலிக்காமல் சாக வைத்தியர் உதவி செய்தார், அவன் இனி வரமாட்டான் என்று நேராகச் சொல். அழுவான், அழட்டும். பத்துத் தரம் அதே கேள்வியைக் கேட்பான், பத்துத் தரமும் அதே பதிலைச் சொல். ஓடிப்போய்விட்டான் என்ற கதையும் வேண்டாம், பிறகு கேட் பக்கமே நின்றுகொண்டிருப்பான்.

குட்டி ஒன்று தருகிறேன் என்று யாராவது வந்தால் இப்போதைக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடு.

இனிச் சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். லயத்தில் ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் அங்கே அடுப்பு எரியாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து கஞ்சி வரும், தேத்தண்ணி வரும். குடிக்கமாட்டேன் என்று படுத்திருப்பவளை யாராவது தூக்கி உட்காரவைத்துக் குடிக்க வைப்பார்கள். தெல்தோட்டை டவுனிலும் அப்படித்தான், சிங்களவர் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் சாவு வீட்டுக்கு அயலிலிருந்து சாப்பாடு போகும். நாய் செத்த வீட்டுக்கு யாரும் கஞ்சி கொண்டுவரமாட்டார்கள். லீவும் தரமாட்டார்கள். எட்டாம் நாள் சடங்கு இல்லை, முப்பதாம் நாள் சடங்கு இல்லை. பதின்மூன்று வருடம் வீட்டில் வளர்ந்தவன் போனதற்கு அடுத்த நாள் நீ கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டாய். அதனால்தான் உன் துக்கத்துக்கு இருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன். கஞ்சி கொண்டுவர ஆள் இல்லையென்றால் நீயே காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

முதலில் கஞ்சியே போதும். தொண்டை அடைத்துக் கிடக்கிறவளுக்குப் பிரியாணி எதற்கு? ஒரு பிடி அரிசியைக் கழுவி, நாலைந்து பல்லுப் பூண்டும் தட்டிய இஞ்சியும் போட்டுக் குழைய வேகவிடு. தேங்காயின் இரண்டாம் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, இறக்குகிற நேரத்தில் முதல் பாலும் உப்பும். பெட்டியில் வருகிற தேங்காய்ப் பால் என்றாலும் பரவாயில்லை, உன் பெரியம்மா கண்டுபிடிக்கமாட்டாள். டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடி. முடிந்தால் இரண்டு துண்டு கருவாடு பொரித்துக்கொள்.

இரண்டு மூன்று நாள் கழித்து ரொட்டி தட்டு. இரண்டு கோப்பை கோதுமை மா, அரை மூடித் தேங்காயின் பூ, உப்பு. தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்று. நன்றாகப் பிசை. அவசரப்படாதே, அந்தப் பிசைகிற நேரம்தான் உனக்கு வேண்டியது. கை வேலை செய்தால் மனம் கொஞ்சம் ஒதுங்கி உட்காரும். கல்லில் போட்டு இரண்டு பக்கமும் கறுப்புப் புள்ளி விழும்வரை விடு. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், மாசி, உப்பு இடித்துத் தேசிக்காய் பிழிந்த கட்டச் சம்பல் இல்லாமல் ரொட்டி சாப்பிடுவதை நான் சாப்பாடு என்று ஒத்துக்கொள்வதில்லை.

ஓர் எச்சரிக்கை. சம்பல் படாத ஓரத்தைப் பிய்த்து உன் கை தானாக மேசைக்குக் கீழே போகும். எனக்கும் இங்கே போகிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் என் காலுக்குக் கீழேயும்தானே அவன் படுத்திருந்தான். கை போனால் போகட்டும். அழுகை வந்தால் சாப்பிடுவதை நிறுத்தாமல் அழு. நீ பசியோடு கிடந்தால்தான் அவன் மேல் வைத்த அன்பு உண்மை என்று யார் உனக்குச் சொன்னது? அவன் வயிறு நிறைந்திருந்த நாளில்தானே உனக்குச் சந்தோஷம்.

அவனுடைய தட்டைக் கழுவி எடுத்து வை. பட்டியையும் கட்டுச் சங்கிலியையும் என்ன செய்வதென்று இன்றே முடிவெடுக்க வேண்டாம். உடைக்காத மருந்துப் போத்தல் இருந்தால் வைத்தியசாலையில் காட்டிக் கேட்டுப் பார், பயன்படுமா என்று அவர்களே சொல்வார்கள்.

வருகிற போயாவுக்கு இங்கே வா. தம்பியையும் கூட்டிக்கொண்டு கலஹா வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறு, வளைவுகளில் அவனுக்கு வாந்தி வரும், யன்னல் பக்கம் உட்காரவை. வரும்போது கண்டி மார்க்கெட்டில் நல்ல மாசி கொஞ்சம் வாங்கி வா. இங்கே கிடைப்பது வெறும் தூள்.

அன்புடன்,
பெரியம்மா