தாதியா, உளவியலா: பெறாமகளுக்கு ஒரு கடிதம்

கரவெட்டி

அன்புப் பெறாமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி போதாமல் போனதை இரண்டு வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறாய். அந்தத் துணிவு எனக்குப் பிடித்திருக்கிறது. தாதியப் படிப்புக்குப் போகவா, உளவியல் படிக்கவா என்று கேட்கிறாய். இரவு வேலை பார்க்கிற பெட்டையை யார் கட்டுவான் என்று அம்மா சொல்கிறா. உளவியல் படித்தால் காலம் முழுக்க விசர் ஆட்களோடு இருக்க வேண்டி வரும் என்று மாமா சொல்கிறார். இரண்டு பேச்சையும் ஒரு பக்கம் வை. இரவு வேலை பார்த்த எங்களுக்கும் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் படித்து ஆளானார்கள். மாமா சொல்லும் அந்த ஆட்கள், எங்கள் ஒழுங்கையில் எங்களோடு இருந்து, எங்களைப் போலவே சண்டையையும் இடப்பெயர்வையும் கண்டவர்கள்தான்.

நீ எழுதிய வேறொரு வரிதான் என்னை யோசிக்க வைத்தது. தாதி உடம்பைப் பார்க்கிறா, உளவியலாளர் மனதைப் பார்க்கிறார், எனக்கு மனம்தான் பிடிக்கும் என்று எழுதியிருந்தாய். வாட்டிலேயே காலம் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு பிரிவினை வாட்டில் கிடையாது.

நீரிழிவு முற்றிக் கால் எடுத்த ஐயா ஒருவர் நினைவுக்கு வருகிறார். வெங்காயத் தோட்டக்காரர். சத்திரசிகிச்சைக்குப் பிறகு யாரோடும் கதைக்கவில்லை. சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். போர்வையை இழுத்து, கால் இருந்த இடத்தை மூடிக்கொண்டே படுத்திருப்பார். காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும். பழைய துணி காயத்தோடு ஒட்டியிருக்கும். அப்படியே இழுத்தால் புதிதாக வந்த தசையும் உரிந்து இரத்தம் கசியும். சேலைன் ஊற்றி ஊறவிட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்ற வேண்டும். அதற்கு நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கத் தாதியின் கண் காயத்தில்தான் இருக்கும், நோயாளியின் முகத்தில் இராது. தன் முகத்தை யாரும் பாராத அந்தப் பொழுதில்தான் அவர் வாய் திறந்தார். "இனி ஆர் பிள்ளை தோட்டத்துக்கு இறைக்கிறது?" என்று கேட்டார். வங்கிக் கடன், கலியாணத்துக்கு இருக்கிற மகள், தனியாகப் போன பெண்சாதி எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்தி எத்தனையோ தோட்டக்காரர் திரும்ப மண்வெட்டி பிடித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அன்றிரவு கஞ்சி குடித்தார். மருந்து கட்டியதும் அவர் கதையைக் கேட்டதும் வேறு வேறு வேலை என்று என்னால் பிரிக்க முடியாது.

இனி மற்றப் பக்கத்தைப் பார். வடமராட்சியில் எந்த ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனாலும் இப்படி ஒரு அம்மாவைக் காண்பாய். நெஞ்சு எரிவு, உடம்பு உளைவு, நித்திரை இல்லை, ஓயாத பெருமூச்சு. ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இராது. இரத்தத்திலும் ஒன்றும் இராது. துண்டில் பனடோல் எழுதிக் கொடுப்பார்கள், போவா, திரும்ப வருவா. மகன் காணாமல் போனவன் என்பதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவன் செத்துவிட்டான் என்று யாரும் சொல்லவில்லை, இருக்கிறான் என்றும் சொல்லவில்லை. செத்தவீடு நடக்கவில்லை, எட்டுச் செலவு இல்லை, கீரிமலையில் அந்தியேட்டியும் இல்லை. துக்கத்தைக் கழிக்க எங்கள் சனம் வைத்திருந்த வழி ஒவ்வொன்றும் அவவுக்கு அடைபட்டுப் போனது. அதனால் அது உடம்பால் வெளியே வருகிறது.

அவவுக்கு வேண்டியது வாரம் ஒரு முறை, சாத்திய கதவுக்குள், அவசரப்படாமல் கேட்கிற ஓர் ஆள். அந்த ஆள் "மறந்து போங்கோ" என்று சொல்லக் கூடாது, "வருவான்" என்றும் சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் கவலை சொன்னவுடன் புத்தி சொல்கிற பழக்கம் இருக்கிறது. அதை அடக்கப் பழகுவதே உளவளத்துணையில் முதற் பாடம், கடினமான பாடமும் அதுதான். இன்னொன்றும் உண்டு. அந்த அம்மாவை நாளைக்கு நீ நெல்லியடிச் சந்தையில் காண்பாய். அவவின் மச்சாள் உனக்குப் பக்கத்து வீடாக இருப்பா. கேட்டதில் ஒரு சொல்லும் உன் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது. பெரிய நகரத்தில் இது சுலபம். ஒருவரை ஒருவர் பெயரும் பரம்பரையும் சொல்லி அறிந்த கரவெட்டியில் இதற்குப் பெரிய உறுதி வேண்டும்.

ஆகவே உடம்பா மனமா என்று கேட்காதே. மனிதரோடு எப்படி இருக்க உன்னால் முடியும் என்று கேள். தாதிக்கு ஒரே நேரத்தில் ஒரு வாட்டு நிறைய ஆட்கள். காலை ஏழிலிருந்து ஒரு மணி, ஒரு மணியிலிருந்து இரவு ஏழு, பிறகு இரவு ஏழிலிருந்து விடிய ஏழு மணிவரை நீண்ட இரவு வேலை. சத்தி, சலம், இரத்தம், சாவு எல்லாம் கையில் படும். செய்ததன் பலனையும் பெரும்பாலும் கண்ணால் காணலாம்: காய்ச்சல் இறங்கும், காயம் ஆறும், ஆள் வீட்டுக்கு நடந்து போகும். உளவியலாளருக்கு முன்னால் ஒரு நேரத்தில் ஓர் ஆள், இரண்டு கதிரை. சுகம் மாதக்கணக்கில் மெல்ல வரும், சிலவேளை வந்ததே தெரியாது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் கேட்ட கதை பின்னால் வரும். நீ அவசரக்காரி, கை சும்மா இருக்காது. அம்மம்மா படுக்கையில் கிடந்தபோது அவவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைத்தவள் நீ. இதையும் கணக்கில் எடு.

எங்கள் மண்ணில் தாதியம் என்றால் என்னவென்று உன் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1987 ஒக்ரோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை புகுந்து சுட்டது. கடமையில் இருந்த மருத்துவர்கள், தாதியர், சிற்றூழியர் என்று 21 பணியாளர்களும், அவர்களோடு நோயாளிகளும் உயிரிழந்தார்கள். ஊரடங்கும் ஷெல்லடியும் நடந்த நாட்களில் வீட்டில் இருக்க வழியிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அவர்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியன்றும் வடமராட்சிக் கரையில் அடிபட்ட சனத்தை மந்திகை ஆஸ்பத்திரிதான் ஏந்தியது. இந்தத் தொழிலைச் சிறுமையாகப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்.

அந்தச் சுனாமிக்குப் பிறகு உளவளத்துணைக்கும் ஒரு காலம் வந்தது. நிறுவனங்கள் வந்தன, சில வாரப் பயிற்சியில் இளம் பிள்ளைகளை உளவளத்துணையாளர் ஆக்கின, கூடாரம் கூடாரமாக அனுப்பின. காசு நின்றபோது திட்டங்களும் நின்றன. நெஞ்சைத் திறந்து கதைத்த சனம் அரைவழியில் விடப்பட்டது. குறுகிய பயிற்சியோடு மனதைத் தொடுவது காயத்தைத் திறந்துவிட்டுத் தைக்காமல் போவதற்குச் சமம் என்பது என் உறுதியான எண்ணம். நீ உளவியலுக்குப் போவதானால் முழுதாகப் போ.

முழுதாக என்றால் என்ன? முதலில் ஆட்களைப் பிரித்து அறிந்துகொள். உளமருத்துவர் என்பவர் மருத்துவம் படித்து, பிறகு உளமருத்துவத்தில் சிறப்புப் பட்டம் எடுத்தவர், மருந்து எழுதுவார். எங்கள் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அப்படிப்பட்டவர். போர் எங்கள் சனத்தின் மனதை என்ன செய்தது என்று 1993 இல் 'மனவடு' என்ற நூலைத் தமிழில் எழுதியவர் அவர். பெருமூச்சையும் உடம்பு உளைவையும் எங்கள் சனத்தின் துன்ப மொழியாக எடுத்து ஆராய்ந்தார். மந்திரம் உச்சரித்தல், மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம் போன்ற எங்களிடம் ஏற்கெனவே இருந்த வழிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். எந்த வழியில் போனாலும் அவருடைய எழுத்தை வாசி. மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், சோதனைகளாலும் பேச்சுச் சிகிச்சையாலும் வேலை செய்வார். அதற்கு உளவியலில் முதற் பட்டம் மட்டும் போதாது. முதுநிலைப் படிப்பும், மேற்பார்வையின் கீழ் நோயாளிகளோடு பெறும் பயிற்சியும் வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணிப் பட்டம் நடத்துகிறது. நீண்ட வழி, இடமும் குறைவு. பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தர் வேறு, பாடசாலையில் வழிகாட்டும் ஆசிரியர் வேறு. பட்டம் எடுத்து நெடுநாள் வேலைக்குக் காத்திருந்த பிள்ளைகளையும் நான் அறிவேன்.

உளவியல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்துக்குள் இருக்கிறது. உன்னுடைய உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியலோடு எந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் நீயே பார். ரியூசன் வாசலில் கேட்ட கதையை நம்பாதே. தாதியத்துக்கு இரண்டு வாசல் உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு தாதிய விஞ்ஞானமாணிப் பட்டம் இருக்கிறது. இசட் புள்ளி அதற்குக் காணுமென்றால் யோசிக்காமல் எடு. காணாவிட்டால் சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரிச் சேர்க்கும் மூன்று ஆண்டுப் பயிற்சி, யாழ்ப்பாணத்திலேயே தாதியர் கல்லூரி. படிக்கும் காலத்திலும் கொடுப்பனவு தருவார்கள், முடித்தால் அரச நியமனம். அப்பாவின் உழைப்பு எவ்வளவு என்று உனக்குத் தெரியும். இதை ஒரு காரணமாக எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மனம்தான் பிடிக்கும் என்கிற பிள்ளைக்கு அமெரிக்காவின் ஹில்டகார்ட் பெப்லோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1931 இல் தாதியாகத் தேறியவர். வேலை பார்த்துக்கொண்டே 1943 இல் உளவியலில் பட்டம் எடுத்தார். இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்த படையினரைப் பார்த்த இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். தாதிக்கும் நோயாளிக்கும் இடையில் உண்டாகும் உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று ஒரு நூல் எழுதினார். மருத்துவர் ஒருவருடைய பெயர் சேராமல் தாதி தனியாக நூல் எழுதுவதா என்று அந்தக் காலத்தில் தயங்கினார்கள். எழுதி முடித்துச் சில ஆண்டுகள் கழித்து, 1952 இல்தான் அது வெளிவந்தது. உளநலத் தாதியம் ஒரு தனித்துறையாக நிமிர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. எங்கள் ஊரிலும் அந்தத் துறை இருக்கிறது. தெல்லிப்பழையிலும் மந்திகையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. அங்கே மாதாந்த ஊசிக்கு வராத நோயாளி யார் என்று பார்த்து விசாரிப்பதும், மருந்தை ஏன் நிறுத்தினார் என்று தாயோடு கதைப்பதும், நித்திரை குறைவதை முதலில் கவனிப்பதும் தாதியர்தான். உளமருத்துவர் நோயாளியைச் சில நிமிடம் காண்பார். தாதி நாள் முழுக்கக் காண்பா.

இனி என் முடிவைச் சொல்கிறேன். தாதியத்தை எடு. தாதியாக இருந்துகொண்டு உளநலத் தாதியத்துக்குப் போகலாம், உளவளத்துணையில் டிப்ளோமா செய்யலாம், பிறகு உளவியலே படிக்கலாம். வாட்டில் பெற்ற அனுபவம் அங்கே உனக்குப் பெரிய முதல். உளவியல் பட்டத்தோடு வெளியே வந்தபின் தாதியத்துக்குத் திரும்ப நினைத்தால் வயதும் அனுமதி விதிகளும் மறிக்கும். இந்த வழி முன்னால் திறக்கும், மற்றது பின்னால் மூடும். கையில் ஊசி ஏந்தவே உனக்குப் பயம், இரத்தம் கண்டால் தலை சுற்றும் என்றால் அது வேறு கதை. நான் அறிந்த பிள்ளை அப்படிப்பட்டவள் அல்ல.

அரச உத்தியோகம் என்பதற்காக மட்டும் இந்த வெள்ளை உடுப்பைப் போடாதே என்றும் சொல்ல வேண்டும். அப்படி வந்தவர்கள் எரிந்து விழுவதை நோயாளிகள்தான் சுமக்கிறார்கள். சனம் "மிஸி" என்று கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க மனம் இருக்கிறதா என்று உன்னை நீயே கேட்டுக்கொள்.

வருகிற கிழமை வீட்டுக்கு வா. மந்திகையில் வேலை செய்யும் ஒருவரோடும், உளவளத்துணை செய்யும் ஒருவரோடும் உன்னைக் கதைக்க வைக்கிறேன். தங்கள் வேலையில் எது தாங்க முடியாதது என்று இருவரிடமும் கேள். சான்றிதழ்களின் பிரதிகளை எடுத்து வை. வர்த்தமானி வந்தால் கடைசித் திகதிவரை காத்திராதே. அம்மாவோடு நான் கதைக்கிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா