வெள்ளாடுகளின் மடி அழுகல் நோய்

மதுரை ஆனையூரைச் சுற்றிப் பாலுக்கென வெள்ளாடு வளர்க்கும் குடியானவர்கள், ஆடு ஈன்ற பின் சில வாரங்கள் வரை நாள்தோறும் மடியைத் தொட்டுப் பார்த்தல் அவசியம். சாதாரண மடிவீக்கத்தில் மடி சுடும். பால் திரிந்து வரும். அதனினும் கொடியது மடி அழுகல். பெரும்பாலும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமியால் உண்டாவது இது. வேலிக்கருவை முள் கீறியோ குட்டிகள் கடித்தோ காம்பிற் புண் ஏற்படின் கிருமி உட்புகுதல் எளிது.

ஆடு தீனி வெறுத்து, கடும் ஜுரங்கண்டு, பின்னங்காலை நொண்டும். சிவந்து சுட்ட மடி ஒரு நாளைக்குள்ளாகவே குளிர்ந்து நீலம் பாரிக்கும். கறந்தால் இரத்தங் கலந்த நீரே வரும். சூடு தணிந்ததைக் குணமென்று எண்ணி வாளாவிருப்போர் பலர். அஃது இரத்தவோட்டம் நின்று சதை செத்ததன் குறியாகும். விஷம் உடலெங்கும் பரவி ஆடு ஓரிரு நாளில் இறக்கவுங்கூடும். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுதல் சாதாரண வீக்கத்திற்கு உதவலாம். குளிர்ந்த மடிக்கு அதனை நம்பிக் காலங்கடத்துதல் ஆகாது.

உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுக. 1962 என்னும் தொலைபேசி எண்ணிலும் தெரிவிக்கலாம். தக்க ஊசி மருந்துகளால் ஆட்டைக் காக்கலாமேயன்றி அழுகிய பாகத்தை மீட்க இயலாது. அது நாளடைவிற் கழன்று விழும். வெள்ளாட்டு மடியின் இரு பாதிகளும் தனித்தனியே அமைந்தவையாதலால் மற்றப் பாதி தப்புவதுண்டு. குட்டிகளுக்கு வேறு ஆட்டின் பாலைப் புகட்டுக. நோயுற்ற ஆட்டைக் கடைசியிற் கறந்து, பாலைத் தொழுவத்திற் பீச்சாது குழியிற் புதைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.