டிவி கேம் கற்றுத்தந்த கணினி

கணினியைத் தொழிலாகப் படித்தவர்கள் தஞ்சை மாவட்டத்தில் இன்று தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆசைக்காக அதை வைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் குறைவு. நான் அந்தக் குறைந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில், வாசலில் இறங்கினால் வயல் என்று இருக்கும் வீட்டில், பள்ளிக்கூட நாளில் டிவி கேமோடு தொடங்கிய ஆர்வம் தலை நரைத்தும் குறையவில்லை. இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. கணினியைக் கற்க விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. அடியிலிருந்து நுனிவரை நமக்குப் புரியக்கூடிய சின்ன இயந்திரம் ஒன்று போதும். பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் பயன்படும் என்று என் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

ஒரே சிப், பல வீடுகள்

தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் டிவி கேம் விற்றது. ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்தவை அவை. அந்தப் பெட்டியின் மூளை 6502 என்ற சிப்பின் வழிவந்தது. எம்ஓஎஸ் டெக்னாலஜி 1975-இல் அந்தச் சிப்பை வெளியிட்டபோது விலை 25 டாலர். மற்ற நிறுவனங்களின் சிப்புகள் அப்போது அதைப்போலப் பல மடங்கு விலை விற்றன. ஆப்பிள் 2 கணினியில் இருந்ததும் 6502-தான். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவிலும் அதுவே இருந்தது. பிபிசி மைக்ரோவை உருவாக்கிய ஏகார்ன் நிறுவனத்தின் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் 6502-இன் எளிமையை மனதில் வைத்து வடிவமைத்த சிப்தான் ஆர்ம். முதல் ஆர்ம் சிப் 1985-இல் ஓடியது. இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் போன் அநேகமாக அதன் வாரிசில்தான் ஓடுகிறது.

6502-க்குத் தெரிந்த கட்டளைகள் மொத்தம் 56. கணக்குப் போட ஒரு பதிவகம், எண்ணிக்கை வைத்துக்கொள்ள இரண்டு. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு கோடை விடுமுறையில் இதை முழுவதும் படித்துவிடலாம். இன்றைய கணினிச் சிப் ஒன்றை முழுவதும் அறிந்தவர் என்று தனி ஒருவரைக் காட்டவே முடியாது. சின்னதை முழுசாக அறிந்தவனுக்குப் பெரியதைப் பார்த்தால் பயம் வராது. அந்தத் துணிவுக்காகத்தான் சின்னதில் தொடங்கச் சொல்கிறேன்.

ஃபேமிகாமின் நினைவகம் 2 கிலோபைட். சூப்பர் மாரியோ ஆட்டம் மொத்தமும் 40 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. இன்று வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பல அதைவிடப் பெரியது. அந்த ஆட்டத்தில் வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் உற்றுப் பாருங்கள். இரண்டும் ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு. இடம் இல்லாததால் வந்த யோசனை அது. இருப்பதை வைத்துச் சமாளிக்கும் அந்தப் புத்தியை நான் எந்த வகுப்பிலும் கற்கவில்லை, மாரியோவின் மேகத்திடம்தான் கற்றேன்.

ஆடுவதிலிருந்து மாற்றுவதற்கு

‘9999 இன் 1’ என்று எழுதிய மஞ்சள் கேசட் பலருக்கு நினைவிருக்கும். பட்டியலில் ஆயிரக்கணக்கில் பெயர் வரும், உள்ளே இருப்பதோ சில ஆட்டங்கள். அவற்றையே எண்ணை மாற்றி மாற்றிப் பட்டியலில் போட்டிருப்பார்கள். ஒன்றில் முதல் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்றில் நாலாம் கட்டத்திலிருந்து தொடங்கும். நிரலில் ஒரு எண் மாறினால் ஆட்டமே வேறாகிறது என்று எனக்கு முதலில் உணர்த்தியது அந்தக் கேசட்.

நிரல் எழுதத் தொடங்க அதுவே நல்ல வழி. வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்காராமல், ஓடுகிற நிரல் ஒன்றை எடுத்து அதில் ஒரு எண்ணை மாற்றுங்கள். 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5-உடன் கியூபேசிக் இலவசமாகக் கிடைத்தது. அதில் கொரில்லா, நிபிள்ஸ் என்று இரண்டு ஆட்டங்கள், மூல நிரலோடு. தஞ்சாவூரில் நான் போன கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் முடிந்த பிறகு கிடைக்கும் அரைமணி நேரத்தில் நிபிள்ஸில் ஓடும் பாம்பின் வேகத்தை மாற்றுவேன், நிறத்தை மாற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன். கேசட் ஆட்டங்களிலும் இதைச் செய்யலாம். எஃப்சிஇயுஎக்ஸ் என்ற இலவச எமுலேட்டரில், ஆடும்போதே நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டும் தெரியும். உயிர் எண்ணிக்கை எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதே பெரிய பயிற்சி.

அடுத்த படி, நல்ல நிரலை வாசிப்பது. பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆட்டத்தை எழுதிய ஜோர்டன் மெக்னர், ஆப்பிள் 2-க்காகத் தாம் எழுதிய மூல நிரலை 2012-இல் எல்லோரும் பார்க்க வெளியிட்டார். அதுவும் 6502 நிரல்தான். அந்த 56 கட்டளைகளைப் படித்தவர் அதையும் வாசிக்கலாம்.

மா, குழி, ஓவர்ஃப்ளோ

“ஏண்டா தம்பி, நம்ம நெலம் எத்தனை ஏருன்னு உன் பொட்டி சொல்லுமா?” என்று என் தாத்தா கேட்டார். அவருக்கு மா, வேலி தெரியும். பட்டாவிலோ ஹெக்டேர், ஏர் என்று இருந்தது. என் முதல் உருப்படியான நிரல் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

கணக்கு எளிது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா: 14,400 சதுர அடி, ஏறத்தாழ 33 சென்ட், ஏர் கணக்கில் 13.4. 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். பிறகு நெல்லையும் சேர்த்தேன். வீட்டில் பேச்சு கலத்தில், வியாபாரி பேச்சு 60 கிலோ மூட்டையில், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றித் தரும் அந்த நிரலை எங்கள் தெருவே பயன்படுத்தியது.

பிள்ளைகளுக்கு டர்போ சி சொல்லித்தரும்போது இன்றும் இதையே முதலில் கொடுக்கிறேன். பரப்பைச் சாதாரண இன்ட் மாறியில் வைத்து 2 மா கொடுத்தால் 28,800 என்று சரியாக வரும். 3 மா கொடுத்தால் திரையில் மைனஸ் 22,336 என்று வரும்! டர்போ சி-யில் இன்ட் 16 பிட். அதன் உச்சம் 32,767. 43,200 அதற்குள் அடங்காமல் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. இதைத்தான் ஓவர்ஃப்ளோ என்கிறார்கள். மாரியோவிலும் உயிர்களைச் சேர்த்துக்கொண்டே 127-ஐத் தாண்டிப் போனால், அடுத்து ஒருமுறை சாகும்போதே ஆட்டம் முடிந்துவிடும், காரணம் இதேதான். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகக் கடந்துபோகும் விஷயம், சொந்த நிலம் மைனஸில் தெரியும்போது பிள்ளைகள் மனதில் பதிந்துவிடுகிறது. பயிற்சிக்குக் கணக்கு வேண்டுமானால் முதலில் உங்கள் வீட்டில் தேடுங்கள்.

வாசலிலும் தேடலாம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1970-களிலேயே புள்ளிக் கோலங்களின் அமைப்பை இலக்கண விதிகளாக்கி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். உலகக் கணினி அறிஞர்கள் அவற்றைப் படித்தார்கள். அம்மா போடும் கோலத்தைத் திரையில் வரைய வைப்பதைவிட அழகான பயிற்சியை ஒரு பெண்குழந்தைக்கு நான் இதுவரை கொடுத்ததில்லை.

கரண்டு இல்லாத நேரம்

2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்கள் எனக்கு நல்ல பழக்கம் ஒன்றைத் தந்தன: நிரலை முதலில் நோட்டில் எழுதுவது. பென்சிலால் எழுதி, ஒவ்வொரு வரியிலும் மாறியின் மதிப்பு என்ன என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால், பாதிப் பிழை காகிதத்திலேயே அகப்பட்டுவிடும். ஃபேமிகாமின் படங்கள் எல்லாம் 8-க்கு 8 கட்டங்களால் ஆனவை. கணக்கு நோட்டின் கட்டக் காகிதம் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். கரண்டு வந்ததும் தட்டச்சு செய்கிற வேலை மட்டுமே மிச்சம்.

பழைய பெட்டியைப் பாதுகாக்க

நம் பகுதியின் ஈரம், தூசி, வோல்டேஜ் மூன்றும் மின்னணுப் பொருளுக்கு எதிரிகள். நான் கடைப்பிடிப்பவை இவை:

• கேசட் ஓடவில்லையென்றால் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் செம்பு முனையை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள்.

• பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசரும் சரியான எர்த்தும் இல்லாமல் பழைய கணினியைப் போடாதீர்கள்.

• ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் ஆன்டெனா வயரையும் பிடுங்கி வையுங்கள்.

• அறுவடை நாட்களில் பதர்த்தூசி வீட்டுக்குள் வரும். பெட்டியைத் துணியால் மூடி வையுங்கள். ஓடும்போது மட்டும் மூடக் கூடாது.

• 386, 486 போர்டுகளில் பற்றவைத்திருக்கும் பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து போர்டையே தின்றுவிடும். அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

• பழைய குழாய் டிவியைத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அது பழகிய மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

• பிளாப்பியில் பூஞ்சை படரும். அதில் உள்ளதை இன்றே வேறு இரண்டு இடங்களில் நகலெடுங்கள்.

2006-இல் தொடங்கி அரசு கொடுத்த இலவச 14 அங்குலக் கலர் டிவி பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. எடைக்குப் போடாதீர்கள். பழைய டிவி கேமுக்கு அதைவிடப் பொருத்தமான திரை கிடையாது.

தமிழில் படிக்க வழி உண்டு

பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற சுஜாதா, கணினியைப் பற்றித் தமிழில் எழுதி ஒரு தலைமுறைக்கே ஆர்வம் ஊட்டினார். தினமலரின் கம்ப்யூட்டர் மலருக்காகத் திங்கட்கிழமை காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். இன்று வசதி இன்னும் பெரிது. 2012-இல் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸ், பைத்தான் போன்றவற்றுக்கு எளிய தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் கட்டளைகளையே தமிழில் எழுதலாம். ஆங்கிலம் வரவில்லை என்று எந்தப் பிள்ளையும் ஒதுங்க வேண்டியதில்லை.

தொடங்குகிறவர்களுக்கு

2011 முதல் பிளஸ் டூ மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் பல வீட்டு மூலையில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து லினக்ஸ் போடுங்கள். டாஸ்பாக்ஸும் 6502 நிரலுக்கான சிசி65-உம் இலவசம். போனில் பார்ப்பது தவறில்லை. ஆனால் நிரல் எழுத விசைப்பலகை வேண்டும். பெரிய ஆட்டம் செய்யத் திட்டம் போடாதீர்கள். ஒரு பந்து சுவரில் மோதித் திரும்புவதை முழுமையாக முடியுங்கள். முடித்த சின்ன நிரல், பாதியில் நின்ற பெரிய நிரலைவிட அதிகம் கற்றுத்தரும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை விளையாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று பெட்டியைப் பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “இது எப்படிப்பா ஓடுது?” என்று கேளுங்கள். அவனுக்குப் பதில் தெரியாவிட்டால் தேடத் தொடங்குவான். அந்தத் தேடலுக்குத் தினமும் ஒரு மணி நேரமும் ஒரு பழைய கணினியும் கொடுங்கள். மீதியை அவனே பார்த்துக்கொள்வான்.