நெல்லில் துத்தநாகக் குறை: பாய்ச்சும் தண்ணீரையும் கவனியுங்கள்

குறுவை நட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியும் சில வயல்களில் பயிர் தூர் கட்டாமல், திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கும். அடியிலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்திருக்கும். இதைக் கண்டு இன்னொரு தடவை யூரியா தூவுவோரும், பூச்சிமருந்து அடிப்போரும் உண்டு. இரண்டும் வீண் செலவே. இவை துத்தநாகச் சத்துக் குறைவின் அறிகுறிகள்.

வட இந்தியாவின் தராய்ப் பகுதியில் இதைக் 'கைரா' நோய் என்றார்கள். வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியின் நிறத்தில் இலை மாறுவதால் வந்த பெயர் அது. இதற்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகப் பற்றாக்குறையே என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஒய். எல். நேனே 1966-ல் தெரிவித்தார்.

மண்ணில் இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலை வார்க்கச் செம்புடன் சேர்க்கும் பித்தளையில் உள்ள அதே துத்தநாகம்தான் இது. மண்ணில் இருந்தால் மட்டும் போதாது. நீரில் கரைந்தால்தான் வேர் உறிஞ்ச முடியும். மண்ணின் கார அமில நிலை 6-லிருந்து 7-க்கு உயர்ந்தால், கரைந்துள்ள துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

மேட்டூர்த் தண்ணீர் வருமுன் ஆழ்குழாய்க் கிணற்றை நம்பி நடுவோர் இங்கே கவனிக்க வேண்டும். சில கிணற்று நீரில் பைகார்பனேட் உப்பு அதிகம் கரைந்திருக்கும். தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் உள்ளே வெள்ளையாகப் படிவது இதற்கு ஓர் அடையாளம். இந்த உப்பு மண்ணின் காரத்தன்மையை உயர்த்துவதுடன், வேரின் வளர்ச்சியையும் தடுக்கிறது. வேர் எடுத்த துத்தநாகமும் இலைக்கு ஏறுவது குறைகிறது. வடிகால் இன்றி எப்போதும் நீர் தேங்கும் வயலில் இக்குறை இன்னும் கூடும்.

என்ன செய்யலாம்?

முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகம் பத்து லட்சத்தில் 1.2 பங்குக்குக் குறைவானால் உரம் இட வேண்டும். நீரில் 'எஞ்சிய சோடியம் கார்பனேட்' லிட்டருக்கு 2.5 மில்லி ஈக்குவலன்டுக்கு மேல் இருந்தால் அந்நீர் பாசனத்துக்கு ஏற்றதல்ல. ஜிப்சம் இடுவது பற்றி வேளாண் அலுவலரைக் கேளுங்கள். ஆற்று நீர் கிடைக்கும்போது அதையே பாய்ச்சுவது நல்லது.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலுடன் கலந்து, வயலைச் சமன் செய்த பின், நடவுக்குச் சற்று முன் மேலாகத் தூவவும். மாவுக்குச் சுமார் மூன்றே கால் கிலோ ஆகும். இது 21 சதம் துத்தநாகம் உள்ள உப்புக்கான அளவு. மூட்டையில் 33 சதம் என்றிருந்தால் ஏக்கருக்கு ஆறரை கிலோ போதும். ஏக்கருக்கு இரண்டரை டன் பசுந்தாள் உரம் மிதித்தவர்கள் இதில் பாதி அளவு இட்டாலே போதுமானது.

டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் போன்ற மணிச்சத்து உரங்களுடன் இதைக் கலக்கவே கூடாது. தெளிந்த டி.ஏ.பி. கரைசலில் ஜிங்க் சல்பேட் கரைசலை ஊற்றிப் பாருங்கள், திரிதிரியாகத் திரண்டுவிடும். திரண்டது பயிருக்கு எளிதில் கிடைக்காது. ஆகவே மணிச்சத்தைக் கடைசி உழவில் இட்டு, இதைத் தனியே தூவுங்கள்.

நட்ட பயிரில் குறை தெரிந்தால், 10 லிட்டர் நீரில் 50 கிராம் ஜிங்க் சல்பேட்டும் 100 கிராம் யூரியாவும் கரைத்து இலை நனையத் தெளிக்கவும். அறிகுறி மறையும் வரை 15 நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம். வடிகால் உள்ள வயலானால் நீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றியதும் மறுபடி பாய்ச்சுங்கள்.

துங்ரோ நோயிலும் பயிர் குட்டையாகி மஞ்சளாவதுண்டு. ஐயம் இருந்தால், மருந்துக் கடைக்குப் போகுமுன் இரண்டு குத்துப் பயிரை வேரோடு பிடுங்கி, வேளாண் விரிவாக்க மையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுங்கள். குறுவை குறுகிய நாள் பயிர். தூர் கட்டும் பருவத்தில் இழந்ததைப் பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் முழுதாக ஈடுகட்ட முடியாது.