மெல்ல வருகிறவளுக்காக நில்

கண்ணு, நீ தத்தெடுத்த பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேட்டதும் மனம் நிறைந்துவிட்டது. அடுத்தடுத்துத் தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசை கட்டி நிற்கின்றன, எப்படிச் சமாளிப்பேன் என்று கலங்குகிறாய். எங்கள் வட சென்னைக் கல்மண்டபத்தில் பண்டிகைக்குப் பஞ்சமில்லை. ராயப்பர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஆடி மாதத்து ஒலிபெருக்கியும் எங்கள் சந்தில் ஒன்றாகத்தான் கேட்கும். அந்த ஊரில், மூளை முடக்குவாதம் உள்ள மகளைத் தத்தெடுத்து வளர்த்துப் பெரியவளாக்கிய ஆயா சொல்கிறேன். கேட்டுக்கொள்.

1. புண்ணியக் கணக்கை வாசலிலேயே நிறுத்து. பண்டிகைக்கு வரும் உறவுக்காரர்கள் பலகாரத் தட்டை வாங்கிக்கொண்டே, "உனக்குக் கோடி புண்ணியம்" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் பேச்சு வராத பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒரு கிறிஸ்துமஸ் அன்று உறவினர் ஒருவர் இப்படிச் சொன்னதைக் கேட்டு எங்கள் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் வீட்டுக்காரர் சிரித்தபடியே சொன்னார்: "புண்ணியம் பண்றவங்க கணக்கு வெச்சிருப்பாங்க. அப்பனுக்கு ஏதுங்க கணக்கு?" அதன் பிறகு அந்த உறவினர் வந்தால் முதலில் அவள் கையைப் பிடித்துத்தான் பேசுவார். சண்டை போடாதே; ஆனால் சும்மாவும் இருக்காதே.

2. வந்த நாளைக் கொண்டாடு. கைவிடப்பட்ட பிள்ளைக்குப் பிறந்த தேதி பல சமயம் மருத்துவர் உத்தேசமாக எழுதியதாக இருக்கும். வீட்டுக்கு வந்த நாள் மட்டும் சந்தேகமில்லாதது. புனேயில் மென்பொருள் வேலை பார்த்த ஆதித்ய திவாரி, டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு குழந்தையைத் தனி ஆளாகத் தத்தெடுக்க ஒன்றரை ஆண்டு அலைந்தார். 2016 ஜனவரி 1 அன்று பிள்ளை அவர் கைக்கு வந்தது. அந்த வீட்டில் புத்தாண்டுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு, பார். தத்தெடுத்த கதையைச் சின்ன வயதிலேயே, மடியில் வைத்துக்கொண்டு, உள்ளபடி சொல். வளர்ந்த பிறகு அந்த நாளில் அவள் மனம் கனத்திருந்தால் கொண்டாடச் சொல்லி வற்புறுத்தாதே. பெற்றவளை நினைத்து அழவும் அவளுக்கு உரிமை உண்டு.

3. சத்தம் வருமுன் சொல்லிவிடு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் திடீர்ச் சத்தம் கேட்டால் உடம்பே தூக்கிவாரிப் போடும், கை கால் விறைக்கும். அது பயந்த சுபாவம் இல்லை, நரம்பின் வேலை. 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று தீபாவளிக்கு வெடிக்க நேரம் குறித்திருக்கிறார்கள். நம் தெருவில் கடிகாரம் பார்த்து வெடிப்பவர்கள் குறைவு. ஆனாலும் அந்த இரண்டு மணி நேரம் அவளோடு உள்ளறையில் இரு. ஜன்னலைச் சாத்து, பாட்டு போடு, "இப்போ வெடிக்கும்" என்று முன்கூட்டியே சொல். தெருப் பையன்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னால் அவர்களே தள்ளிப் போய் வெடிப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவன் வருஷா வருஷம் வந்து அவள் எதிரே கம்பி மத்தாப்பு கொளுத்திக் காட்டிவிட்டுப் போவான்.

4. பண்டிகைக்கு லீவு உண்டு. மாத்திரைக்கு லீவு இல்லை. தூக்கம் கெட்டாலும் வலிப்பு மாத்திரை ஒரு வேளை தவறினாலும் சில பிள்ளைகளுக்கு அன்றைக்கே வலிப்பு வந்துவிடும். அதனால் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்காக அவளை எழுப்பாதே. விடிந்த பின் குளித்தாலும் தீபாவளி தீபாவளிதான். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குப் போக எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. காலைப் பூசைக்குப் போனோம். குடிலில் கிடந்த பாலன் அப்போதும் அங்கேதான் இருந்தார். வழக்கமான தெரபியைப் பத்து நிமிடமாகக் குறைத்தாலும் பரவாயில்லை, அடியோடு விட்டுவிடாதே. எந்த நாளிலும் மாறாத சில வேலைகள் இருந்தால்தான் விசேஷ நாளைப் பிள்ளை பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

5. எல்லாரும் சாப்பிடுவதை அவளும் சாப்பிடட்டும், அவள் விழுங்கும் பதத்தில். நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டு. சாப்பிட்டதும் படுக்க வைக்காதே. விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நீர்த்த பாயசத்தைவிடக் குழைந்த பொங்கல் நல்லது; நீராக இருப்பது சட்டென்று மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பொங்கலில் முந்திரியை எடுத்துவிடு. முறுக்கு வேண்டாம். நோன்பு மாதத்தில் எதிர் வீட்டு பாய் வீட்டிலிருந்து கஞ்சி வரும். அந்த அம்மா கறித்துண்டு இல்லாமல், கெட்டியாக, இவளுக்கென்று தனியாக ஒரு தூக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் பால் சுறா வாங்கிப் புட்டு செய்தால் நடுமுள்ளை எடுத்துவிட்டு உதிர்த்து, கொஞ்சம் ரசம் விட்டுப் பிசைந்து கொடு. தனிச் சமையல் என்று தோன்றவே கூடாது. ஒரே சட்டியிலிருந்து வரவேண்டும்.

6. புதுத்துணியை அவள் உடம்பைப் பார்த்து எடு. எம்.சி. ரோட்டுத் தீபாவளி நெரிசலில் அவளை இழுத்துக்கொண்டு போகாதே. ஆடி போனதும், கூட்டம் சேருமுன், ஒரு முற்பகலில் போ. துணியை அவளே தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். முன்பக்கம் திறக்கிற சட்டை, அகலமான கை, காலில் மாட்டும் காலிப்பர் மேல் இழுபடாத பாவாடை என்று தையற்காரரிடம் சொல்லித் தை. விறைத்த கையை முதலில் நுழை. கழற்றும்போது அதைக் கடைசியில் எடு. ஒரு தெரபி அக்கா சொல்லிக்கொடுத்த இந்தச் சின்ன வித்தை எத்தனையோ காலைகளை அழுகையில்லாமல் கடத்தியது.

7. ஊருக்குள் கூட்டிப் போ. வீட்டுக்குள் பொத்தி வைப்பது பாசம் போலத் தெரியும், பாதி கூச்சம்தான். காணும் பொங்கலன்று மெரினாவில் எள் போட்டால் எண்ணெய் ஆகும். அன்று வேண்டாம், அடுத்த வாரம் ஒரு சாதாரண நாளில் போ. மாற்றுத்திறனாளிகள் கடலருகே போக 2022 நவம்பரில் அங்கே மரப்பாதை திறந்தார்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது; திரும்பச் சரிசெய்தார்கள். காசிமேட்டுக் கரையில் தள்ளி நின்று கடலைப் பார்த்தே வளர்ந்த எங்கள் மகளுக்குச் சக்கர நாற்காலியில் அலைவரை போக முடிந்தது பெரிய விஷயம். முறைத்துப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து நீ முதலில் சிரி. பாதிப் பேர் பேச வந்துவிடுவார்கள்.

8. உன் மூத்த மகனை மறந்துவிடாதே. எல்லாக் கண்ணும் தங்கை மேல் இருக்கும் வீட்டில், தொல்லை கொடுக்காத பிள்ளைதான் தனித்துப்போகும். கேரல் பாடப் போகிற கும்பலோடு போக எங்கள் மகனுக்கு ஆசை. ஒரு வருஷம் நான் அவனோடு போனேன், என் வீட்டுக்காரர் மகளோடு வீட்டில் இருந்தார். அடுத்த வருஷம் முறை மாறியது. "தங்கச்சியை விட்டுட்டு வந்தோமே" என்று உன் மகன் வருந்தினால், வருந்த வேண்டாம் என்று சொல். அவனை இன்னொரு அப்பாவாக வளர்க்காதே. அண்ணனாக இருந்தால் போதும்.

9. காகிதத்தில் சோம்பல் கூடாது. எங்கள் காலத்தில் கிறிஸ்தவ வீடுகளுக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளர் உரிமைதான் கிடைக்கும். பிள்ளை என்று எழுதித்தர மாட்டார்கள். இப்போது எந்த மதத்தவரும் இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2022 செப்டம்பரிலிருந்து ஆட்சியரே தத்து ஆணை தருகிறார். இரண்டு ஆண்டு வரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர் வந்து பார்ப்பார். அவருக்காக வீட்டை ஜோடிக்காதே. படும் கஷ்டத்தைச் சொல், வழி கிடைக்கும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை உடனே வாங்கு. 18 வயதுக்குப் பிறகு தானே முடிவெடுக்க முடியாதவளாக இருந்தால், 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் பாதுகாவலர் நியமனம் கேட்கலாம். நமக்குப் பிறகு யார் என்ற கேள்வியை உடம்பில் தெம்பு இருக்கும்போதே எடு.

10. உன் களைப்பை மறைக்காதே. தாய்க்குப் பொறுமை வற்றாது என்பார்கள், வற்றும். வற்றினால் பக்கத்து வீட்டில் சொல், ஒரு மணி நேரம் படு. உதவி கேட்பவர் மானம் கெட்டுப்போவதில்லை. வட சென்னைச் சந்தில் சுவர்கள் ஒட்டிக்கொண்டிருப்பது சண்டை கேட்பதற்கு மட்டுமா?

11. நடையை அவளிடம் விடு. வீட்டில் மெல்ல வருகிறவள் எவளோ, அவள் நடைக்கு மற்றவர்கள் நடக்க வேண்டும். இதைப் பழகிவிட்டால் கிழவிக்கும் அந்த வீட்டில் இடம் இருக்கும், காய்ச்சலில் கிடப்பவனுக்கும் இருக்கும். இந்த ஆண்டு எல்லாப் பண்டிகையையும் பிடிக்கப் பார்க்காதே. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். அதிலும் அவளுக்குப் பிடித்த ஒரு காரியத்தை மட்டும் நன்றாகச் செய்: ஒரு மத்தாப்பு, ஒரு நட்சத்திர விளக்கு, ஒரு கரண்டிப் பொங்கல், எதுவானாலும் சரி. மிச்சத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பலகாரம் குறைந்துவிட்டதே என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்கு அனுப்பிவை. நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.