உயில் நீதிபதி: தேர்தலும் தகுதியும்

ஒருவர் இறந்தபின் அவர் எழுதிவைத்த உயில் மெய்யானதே என்று ஆராய்ந்து நீதிமன்றம் வழங்கும் சான்று 'புரொபேட்' எனப்படும். இந்தியாவில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, இவ்வதிகாரம் மாவட்ட நீதிபதிக்கும் உயர் நீதிமன்றத்திற்கும் உண்டு. மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். வாக்காளருக்கு இதில் பங்கில்லை.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் முறை வேறு. அங்கு இப்பணிக்கெனத் தனி நீதிபதி உண்டு. அவரை மக்களே தேர்ந்தெடுக்கின்றனர். அலபாமா மாநிலத்தில் கவுன்டியின் புரொபேட் நீதிபதி 6 ஆண்டுக் காலத்திற்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். உயில், இறந்தவரின் சொத்து நிர்வாகம், காப்பாளர் நியமனம் ஆகியவற்றுடன் கவுன்டியின் தேர்தல் நிர்வாகமும் அவர் பொறுப்பே. எனினும், பெரும்பாலான கவுன்டிகளில் அவர் சட்டம் பயின்றிருக்கவேண்டும் என்ற விதி இல்லை.

தென் கரோலினாவில் பதவிக்காலம் 4 ஆண்டு. அங்கு வேட்பாளர் கல்லூரிப் பட்டம் பெற்றிருக்க வேண்டும்; அன்றேல் அம்மாநிலப் புரொபேட் நீதிபதி அலுவலகம் ஒன்றில் 4 ஆண்டு பணியாற்றியிருக்க வேண்டும். ஏட்டறிவுக்கு ஈடாக அனுபவம் ஏற்கப்படுகிறது.

கனெக்டிகட் மேலும் ஒரு படி சென்றது. வழக்காடுவோர் செலுத்தும் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்த அதன் புரொபேட் நீதிமன்றங்கள் நிதி நெருக்கடிக்கு உள்ளாயின. 2009இல் இயற்றப்பட்ட சீர்திருத்தச் சட்டத்தால், 117 நீதிமன்றங்கள் 2011 ஜனவரியில் 54ஆகக் குறைக்கப்பட்டன. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் நீதிபதி வழக்கறிஞராக இருத்தல் வேண்டும் என்பதும் விதியாயிற்று. ஆயினும் தேர்தல் முறை கைவிடப்படவில்லை.

தேர்தலை ஆதரிப்போர், நீதிபதி உள்ளூர் மக்களுக்குப் பொறுப்புடையவராகிறார் என்பர். எதிர்ப்போர், தமக்கு வாக்களித்தவரின் குடும்ப வழக்கையே அவர் விசாரிக்க நேரிடும் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் உயில் எழுதியவர் சாட்சி கூற வர இயலாது. காப்பாளரை நாடும் சிறுவருக்கும், மனநலம் குன்றியவருக்கும் வாக்கு வலிமை இல்லை. இந்நீதிமன்றத்தின் தீர்ப்பால் பெரிதும் பாதிக்கப்படுவோர் தேர்தலில் குரலற்றோரே. ஆகவே, தேர்தல் எவ்வளவு நேர்மையாக நடப்பினும், வேட்பாளரின் தகுதியைச் சட்டமே முன்கூட்டி வரையறுத்தல் இன்றியமையாதது.